சொல்லாமல் மாற்றிய குழல்

நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில் ஹார்லோ என்று ஓர் ஊர். சர்க்கரை காய்ச்சும் பீட் கிழங்கு விளையும் ஊர். அங்கே வெர்லின் ஓஸ்ட்மனைத் தெரியாதவர் கிடையாது, ஏனென்றால் கிழங்கு லாரிகளுக்கு எடை போடுகிறவர் அவர்தான். எடையில் சந்தேகம் கேட்கிற ஓட்டுநரிடம் அவர் வாதாட மாட்டார். லாரியைத் திரும்ப மேடையில் ஏற்றச் சொல்லி, அதே எண்ணைக் காட்டி, "மிச்சம் உன் தொப்பைதான், இறங்கிப் போய்யா" என்பார். வாய் ஒன்றுதான் இவரிடம் குறை என்று அவர் மனைவி லவோன் சொல்வாள். அவள் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை வந்தால் அந்த வாய் ஊருக்கு வெளியே இருக்கும் துப்பாக்கி கிளப்புக்குப் போய்விடும். அங்கே சுடுவது ராணுவத் துப்பாக்கியின் அச்சில் செய்த ரைஃபிள். விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா போகும், அடுத்தது தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும். போட்டி விதிப்படி எல்லோருடைய துப்பாக்கியும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்க வேண்டும். முன்பக்கம் கையால் பிடிக்கிற உறைக்குள்ளே மறைந்திருக்கும் குழல் மட்டும் அவரவர் இஷ்டம். தடித்ததாகவும் இருக்கலாம், மெலிந்ததாகவும் இருக்கலாம்.

இந்த இஷ்டத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் அடித்துக்கொள்ளாத நாளே இல்லை. தடித்த குழல் கனம். ஆனால் கையில் அசையாமல் நிற்கும், வரிசையாகச் சுட்டாலும் சீக்கிரம் கொதிக்காது. மெலிந்த குழலைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கலாம். வெயிலில் நாலைந்து சுட்டதும் சூடேறி, தோட்டாவை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பிக்கும். மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு அது போதும் என்பது ஒரு கட்சி. எதிர்க்கட்சியின் தலைவர் வெர்லின். கனம் தாங்காத தோள் வீட்டில் உட்காரட்டும், இலக்கைச் சுட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். சொன்னது மட்டுமல்ல, நின்றபடி சுடுவதில் அந்த மாவட்டத்தில் அவரை அடிக்க ஆளில்லாததால் கேட்கிறவர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

ரமோனா டீட்ஸ் கிளப்பில் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இறந்துபோன தம்பியின் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். வெர்லின் அதைக் கையில் வாங்கி ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். உள்ளே மெலிந்த குழல்.

"என்னம்மா, மீன் பிடிக்க வந்தியா? ஏரி அந்தப் பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தொடர்ந்து இரண்டு கோடைக்காலம் அவள் அந்த மெலிந்த குழலோடுதான் சுட்டாள். ஒவ்வொரு வாரமும் அவர் புதிதாக ஒன்று வைத்திருப்பார். ஒரு வாரம் தூண்டில், ஒரு வாரம் திரைச்சீலைக் கம்பி, ஒரு வாரம் ஒட்டடைக்குச்சி. மூன்றாம் வருடம் அவள் தடித்த குழலை மாட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் காலித் துப்பாக்கியைச் சுவரைப் பார்த்து ஏந்திக்கொண்டு நின்றாளாம், கை நடுங்காமல் இருக்கிற வரைக்கும். அடுத்த வருடமே கிளப்பின் நால்வர் அணியில் இடம் பிடித்தாள். வெர்லினுக்கு ஜோடியாகவே போட்டார்கள். அவளை ஆளாக்கியதே தன் வாய்தான் என்று அவர் அதற்கும் பெருமைப்பட்டார்.

போன அக்டோபரில், கிழங்கு குவியும் நேரத்தில், எடைக்கூடத்தின் ஏணியிலிருந்து வெர்லின் விழுந்தார். இடது தோளில் தசைநார் கிழிந்தது. தைத்தார்கள், கட்டினார்கள், பயிற்சி கொடுத்தார்கள். மார்ச்சில் கராஜுக்குள் நின்று தன் ரைஃபிளை ஏந்தினார். மூச்சை விட்டு, குறியை நிறுத்தி, விசையைத் தொடுவதற்குள் கை இறங்கியது. மறுபடி ஏந்தினார், மறுபடி இறங்கியது. மருத்துவர் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. அந்தத் தோள் இனி இவ்வளவுதான்.

அறுபத்து மூன்று வயதில் தோள் இற்றுப்போவது குற்றமா? கிளப்புக்குப் போய், "இனிமே எனக்கு மெல்லிசுதான் தாங்கும்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஒரு சனிக்கிழமை கேலி செய்திருப்பார்கள், அத்தோடு போயிருக்கும். வருடக்கணக்காக ஊரையெல்லாம் கேலி செய்த மனுஷனுக்கு அந்த ஒரு சனிக்கிழமையைத் தாங்க மனமில்லை. உள்ளூர்க் கடைக்குப் போகாமல் மாநில எல்லையைத் தாண்டி வயோமிங்கில், தன்னைத் தெரியாத ஒரு கடைக்குப் போனார்.

கடைக்காரர் மரப்பலகை மேல் இரண்டு குழல்களையும் அருகருகே வைத்தார்.

"தடிப்பா, மெல்லிசா? யாருக்கு?"

வெர்லினின் வாய் தானாகச் சொன்னது: "மெல்லிசு. என் சம்சாரத்துக்கு."

"எவ்வளவு தூரம் சுடுவாங்க?"

"அறுநூறு கஜம் வரைக்கும்."

கடைக்காரர் புருவத்தைத் தூக்கினார். "அப்போ தடிப்புதான் சொல்வேன். அவங்களால தூக்க முடியலையா?"

"அவளுக்குத் தோள் சரியில்லை."

"அப்ப வேற வழியில்லை, இதையே எடுத்துட்டுப் போங்க. நிதானமா, இடைவெளி விட்டுச் சுடச் சொல்லுங்க. கொதிச்சுதுன்னா ஒரு பக்கமா ஓடும். அது தெரிஞ்சு சுட்டா ஒண்ணும் பிரச்சினையில்லை. ஆனா கூடச் சுடுறவங்ககிட்டேயும் சொல்லி வைக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் வெர்லின். லவோன் வாழ்நாளில் ஈ அடிக்கிற மட்டையைத் தவிர வேறு ஆயுதம் ஏந்தியவள் அல்ல.

குழலைத் தானே மாட்டினார். துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கம் கனத்துக்காக அடைத்து வைத்திருந்த ஈயத்தையும் எடுத்துவிட்டார். உறையை மூடியதும் வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தூக்கினால் மட்டும் தெரிந்துவிடும். எங்கள் கிளப்பிலோ ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். ஒருவர் பாயையும் தொலைநோக்கியையும் எடுத்துக்கொள்வார், மற்றவர் இரண்டு ரைஃபிளையும். தோளில் தையல் போட்டவரிடம் எல்லோரும் வந்து, "கொடுய்யா, நான் எடுத்துட்டு வரேன்" என்று கை நீட்டினார்கள். வெர்லின் ஒருவர் விடாமல் கடித்துக் குதறினார். ஒருநாள் ரமோனா அவர் ரைஃபிளின் தோள் வாரைத் தொட்டபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"நான் இன்னும் சாகலை. சாகும்போது சொல்லி அனுப்பறேன், அப்ப வந்து தூக்கு."

வைராக்கியம் என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்த மெச்சலை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலையில் மாநிலப் போட்டி. ரமோனாவுக்கு அது சாதாரணப் போட்டி அல்ல. ஆகஸ்டில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகிற மாநில அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்கு அவளும் ஒமாஹா நகரத்துப் பக்கத்து ஆள் ஒருவனும் சமமாக நின்றார்கள். அன்று மதியம் அணிப்போட்டியில் அவரவர் எடுக்கும் புள்ளியை வைத்துத்தான் முடிவு. ஹார்லோவிலிருந்து மாநில அணிக்கு இதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுக்கு ஒரு பெரிய அட்டை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வரும் வழியெல்லாம் அதைக் காரின் பின் கண்ணாடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அறுநூறு கஜத்தில் ஜோடி ஜோடியாகப் படுத்துச் சுடுவார்கள். ஒருவர் சுட்டபின் மற்றவர். அவ்வளவு தூரத்தில் காற்று தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் இருவருக்கும் பின்னால் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து காற்றைப் பார்த்துச் சொல்வார். எங்கள் கிளப்புக்கு அது ஹேபர். ஓய்வுபெற்ற தபால்காரர், வெர்லினோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவருடைய முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் வெர்லின் சுடுவார். அந்தத் தோட்டா எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்த்து ஹேபர் காற்றைக் கணிப்பார். அதை வைத்து ரமோனாவுக்குச் சொல்வார். வெர்லினின் தோட்டா இம்மி விலகினால் அது காற்று, வேறெதுவாகவும் இருக்க முடியாது. அந்த நம்பிக்கையில்தான் அந்த ஜோடி ஜெயித்துக்கொண்டிருந்தது.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று அசையவே இல்லை. முதல் சில தோட்டாக்கள் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தன. பிறகு வெர்லினுடையது கொஞ்சம் வலது பக்கம் தள்ளியது. அடுத்தது இன்னும் கொஞ்சம். உறைக்குள்ளிருந்து சூடு விரல்களுக்கு ஏறுவது அவருக்குத் தெரிந்தது.

"இடது பக்கத்திலிருந்து காத்து எடுக்குது. புல்லு அசையவே மாட்டேங்குது, ஆனா மேல அடிக்குது போல. ரெண்டு பேரும் குறித் திருகை இடது பக்கம் ரெண்டு கிளிக் வைங்க" என்றார் ஹேபர்.

வெர்லின் வைத்தார். ரமோனாவும் வைத்தாள். அவருடைய தோட்டா நடுவுக்கு வந்தது. அவளுடையது இடது பக்கம் வெளி வட்டத்துக்குப் போனது.

"விசையை வெடுக்குனு இழுத்துட்டே."

"இழுக்கலையே, ஹேபர்."

"வெர்லின் நடுவுல வச்சிருக்கான் பாரு. காத்து சரிதான். உன் விரல்தான் சரியில்லை."

அந்த இடத்தில் நாலு வார்த்தை போதும். "என் தோட்டாவைப் பார்த்துச் சொல்லாதே." அவ்வளவுதான். அவளுக்கு இன்னும் பாதித் தோட்டாக்கள் மிச்சமிருந்தன. வெர்லினுக்கு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் படுத்திருக்கிற கிளப்காரர்களெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு அடுத்த தோட்டாவைச் சுட்டார். அது மறுபடி வலது பக்கம் தள்ளியது.

"காத்து இன்னும் ஏறுது. இன்னொரு கிளிக்."

ரமோனாவின் தோட்டா இன்னும் வெளியே போனது. அதற்குப் பிறகு அவள் தன்னையே நம்பவில்லை. ஒரு தடவை ஹேபர் சொன்னபடி வைத்தாள், ஒரு தடவை பயந்து பாதி வைத்தாள். தோட்டாக்கள் இலக்கெல்லாம் சிதறின. முடிந்து எழுந்தபோது யார் முகத்தையும் பார்க்காமல் பாயைச் சுருட்டினாள். ஒமாஹாக்காரன் இடத்தை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் கொட்டகையில் சாப்பாடு. பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரக் குழம்பு, கூடவே லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருள். ரமோனா தட்டோடு ஓரமாக நின்றிருந்தாள். வெர்லின் நேராக அவளிடம் போனார். போகும்போது சொல்லிவிடலாம் என்றுதான் போனார். அவர் வருவதைப் பார்த்ததும் அவள் தட்டைப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"பெரிய போட்டியில எல்லாருக்கும் ஒரு தடவை இப்படி ஆகும்மா" என்றார் வெர்லின். "நரம்பு கொஞ்சம் விட்டுப்போகும். எனக்கும் ஆரம்பத்துல ஆச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் "சரி, வெர்லின்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மனுஷன் செய்ததில் எது கேவலம் என்று கேட்டால், குழலை மாற்றியதை நான் சொல்ல மாட்டேன். வாய் திறக்காமல் படுத்திருந்ததைக்கூடக் கோழைத்தனம் என்று விட்டுவிடலாம். அவளுக்குப் போய் ஆறுதல் சொன்னாரே, அதற்குத்தான் மன்னிப்பு கிடையாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. லவோன் கேட்டதற்குத் தோள் வலி என்றார். எடைக்கூடத்தில் ஓட்டுநர்கள் சந்தேகம் கேட்டால் கேலி எதுவும் சொல்லாமல் சீட்டைக் கொடுத்து அனுப்பினார். அவர்களுக்கே அது சப்பென்றிருந்தது. உடம்புக்கு என்னவோ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் நடுவில், தேசியப் போட்டியெல்லாம் முடிந்த பிறகு, ஹேபர் எடைக்கூடத்துக்கு வந்து ஜன்னலில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இலையுதிர்காலப் போட்டிக்கு ரமோனாவை அணியிலேருந்து எடுத்துடலாம்னு இருக்கேன். நாளைக்குக் கூட்டத்துல சொல்லப் போறேன். நல்ல பொண்ணுதான், ஆனா நெருக்கடியில உடைஞ்சு போறா. உனக்கு ஜோடியா நம்ம கிளப் டுவைனைப் போடறேன். உனக்குச் சம்மதம்தானே?"

வெர்லின் மேடையில் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பேசலாம்" என்றார்.

ஹேபரின் வண்டி கண்ணிலிருந்து மறைந்ததும் எடைக்கூடத்தைப் பூட்டினார். வேலை நேரத்தில் அவர் அதைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை. நேராகப் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனார். ரமோனா தலையில் வலை கட்டிக்கொண்டு, மாவை நீளமாகத் தேய்த்துச் சர்க்கரையும் லவங்கப்பட்டைப் பொடியும் தூவிக்கொண்டிருந்தாள். கதவருகே நின்றவரைப் பார்த்தாள், கை நிற்கவில்லை.

"ஜூலையில நீ சரியாத்தான் சுட்டே" என்றார் வெர்லின். "என் துப்பாக்கிதான்... நான் குழலை மாத்திட்டேன். மெல்லிசு. வசந்தத்துலேயே மாத்திட்டேன், யார்கிட்டேயும் சொல்லலை. அது கொதிச்சு வலது பக்கம் ஓடுச்சு. காத்தே இல்லை, ரமோனா."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மெல்லிசுன்னு. நான் ரெண்டு வருஷம் அதைத்தானே சுட்டேன். ஒண்ணு பின்னாடி ஒண்ணு வலது பக்கமா நகர்ந்து போறது எனக்குத் தெரியாதா? உங்க மூணாவது விலகல்லேயே சந்தேகம் வந்துடுச்சு, ஆனா ஹேபர் காத்துன்னு அடிச்சுச் சொல்றப்போ என் கண்ணை நம்ப முடியலை; பாயைச் சுருட்டறப்போதான் நிச்சயமாச்சு."

"அப்புறம் ஏன் ஹேபர்கிட்டே சொல்லலை?"

"என்ன சொல்றது? வட்டத்துக்கு வெளியே சுட்டுட்டு வந்து நிக்கிறேன், வெர்லின் ஓஸ்ட்மன் மெல்லிசுக் குழல் வச்சிருக்காருன்னு சொன்னா யார் நம்புவாங்க? சாக்குன்னு சொல்லியிருப்பாங்க. நீங்களும் இல்லைன்னு சொல்லியிருப்பீங்க."

அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று மறுத்தால் அதுவும் பொய் என்று அவருக்கே தெரிந்தது.

ரமோனா மாவைச் சுருட்ட ஆரம்பித்தாள். "சாயங்காலம் கொட்டகையில என்னைப் பார்த்து நடந்து வந்தீங்களே, அப்ப நினைச்சேன், சரி, மனுஷன் சொல்லத்தான் வர்றாருன்னு. கையில தட்டு இருக்க வேண்டாம்னு கீழே வச்சேன். நீங்க சொன்னதும் கைகுலுக்கலாம்னு இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "நரம்பு விட்டுப்போச்சுன்னீங்க."

வெர்லினுக்கு அந்த அடுப்பங்கரையில் நிற்க இடமில்லாதது போல இருந்தது. அவள் அப்போதே கத்தியிருந்தால், ஊரெல்லாம் தூற்றியிருந்தால் அவருக்கு வலித்திருக்கும், அவ்வளவுதான். ஒரு மாதம் முழுக்க அவர் தானாகச் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறாள். அந்த ஒரு மாதமும் அவர் சோறு இறங்காததைப் பெரிய தண்டனையாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சுடு" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சதையே எனக்கு வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? தெரியாதவங்க இருக்காங்க, அவங்ககிட்டே போங்க. எனக்குப் பிள்ளைங்க வர்ற நேரம் ஆச்சு."

மறுநாள் கூட்டத்துக்கு வெர்லின் ரைஃபிளோடு வந்தார். கூட்டத்துக்கு யாரும் துப்பாக்கி கொண்டு வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், ரமோனா வரவில்லை. ஹேபர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரமோனா விஷயம்" என்று ஆரம்பித்தார். வெர்லின் எழுந்து துப்பாக்கியை அவர் முன்னால் மேசை மேல் வைத்தார்.

"தூக்கிப் பாரு."

"எதுக்குய்யா?"

"தூக்கு, ஹேபர்."

ஹேபர் பழைய கனத்தை நினைத்துக்கொண்டு பலமாகத் தூக்கினார். துப்பாக்கி வேண்டியதற்கு மேலே எழும்பி, அவர் தலைக்கு மேலே இருந்த விளக்கில் இடித்தது. விளக்கு ஆடியது. டுவைன் எழுந்து வந்து வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். துப்பாக்கி கை மாறி மாறி மேசையைச் சுற்றி வந்தது.

"வசந்தத்திலேருந்து இதுதான்" என்றார் வெர்லின். "மாநிலப் போட்டியிலேயும் இதுதான். அவ சரியா சுட்டா. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு வாயைத் திறக்கலை."

தூண்டில், ஒட்டடைக்குச்சி என்று யாராவது ஒன்று சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார். எந்த ஒரு சனிக்கிழமைக்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ, அது இப்போதாவது வந்து தொலையட்டும் என்று இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மேசையைப் பார்த்தார், ஒருவர் தன் காபிக் கோப்பையைப் பார்த்தார். கேலி செய்கிற அளவுக்குக்கூட அவர்களுக்கு அவரோடு நெருக்கம் மிச்சமில்லை.

ஹேபர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பால்ய சிநேகிதர், கோபத்தில் ஒரு வார்த்தையாவது திட்டுவார் என்று வெர்லின் எதிர்பார்த்தார்.

"உன் தோட்டாவை நம்பித்தான் வெர்லின், நான் அந்தப் பொண்ணை நம்பாம விட்டேன்" என்றார் ஹேபர். பிறகு எழுந்து, ரமோனா வீட்டுக்குப் போவதற்காக வண்டிச் சாவியைத் தேடினார். கூட வரட்டுமா என்று வெர்லின் கேட்டார். ஹேபர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தனியாகப் போனார்.